பழைய மைனரின் பின்னச்சு

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வரும் பெருந்தெருவில் வல்லைவெளி என்றோர் இடம் உண்டு. ஊர்களின் வேலியும் மதிலும் பனங்கூடலும் அங்கே திடீரென முடிந்துபோகும். இரு மருங்கும் உவர்நிலமும் நீருமாய் விரிந்து கிடக்க, நடுவே தெரு ஒரு கோடு போல ஓடும். சோளகம் வீசுங் காலத்தில் அவ்வெளியைக் கடக்கும் இலேசான வண்டிகளைக் காற்றுப் பக்கவாட்டில் தள்ளும்.

அவ்வெளியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தம்முடைய 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வண்டியிலே மனைவியாரை நகர வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் அவ்வம்மையார் சிகிச்சைக்குச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் இருபத்தொரு மைல் நின்று செல்லும் வலு அவருக்கு இல்லை. வாடகை வண்டிக்குக் கிழமைதோறுங் கொடுக்க ஓய்வூதியத்தில் இடமில்லை. ஆதலின் அந்தப் பழைய மைனர் அவ்வீட்டில் ஓர் அலங்காரப் பொருளன்று. மருந்துப் புட்டியைப் போல இன்றியமையாதது.

தெருவிற் கட்டாக்காலி மாடொன்று குறுக்கிட்டது. தபாலதிபர் பிறேக்கை மிதித்தார். வேகம் நாற்பது மைல் கூட இல்லை. எனினும் வண்டியின் பின்பாகம் இரண்டு மூன்று முறை துள்ளி, இடப்புறமாகச் சரிந்து, தெருவோரத்து மண்ணில் வந்து குறுக்காக நின்றது. மாடு தன் வழியே போயிற்று. எதிரே வண்டி எதுவும் வராமை தற்செயலே.

அன்று மாலையே உறவினர் பலரும் ஒருமித்து உரைத்த முடிவு, வண்டியை விற்றுவிடுவது. ஒரு கராச்சில், பின்வில் இரண்டும் களைத்துவிட்டன, புதியன போட வேண்டும் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள். தபாலதிபர் அத்தொகைக்கு நகையொன்றை அடகு வைக்கவும் எண்ணினார். நெல்லியடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வண்டியின் கீழே சாக்கொன்றை விரித்துப் படுத்து, கைவிளக்கைப் பிடித்துப் பார்த்து எழுந்து சொன்ன சொல் வேறு. "ஐயா, வில்லிலை பிழை ஒண்டுமில்லை. சொக் இரண்டும் செத்துக் கிடக்குது. அச்சுக்குக் கீழை றப்பரும் இல்லை. அதுகளை மாத்தினாக் காணும்."

இளைஞர் கூறியது மெய். ஆயின் அது மெய்யாவது எவ்வாறு என்று அறிந்துகொள்வது, பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும். வில்லையும் சொக்கையும் ஒன்றென மயங்கிப் பொருளை இழப்போர் நம்மிடையே பலர்.

முதலில் வில். நம்முடைய பாட்டனார் காலத்து வில்லுவண்டியைக் கண்டவர்களுக்கு மைனரின் பின்வில்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நீண்டதும் குறுகியதுமான உருக்குத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, நடுவே ஒரு பொல்ட்டினால் துளைத்துக் கட்டியதே அது. முன்னுனி வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு முளையிற் பிணைந்திருக்கும். பின்னுனி ஷக்கிள் எனப்படும் ஆடுங் கண்ணியிலே தொங்கும். வில் நிமிரும்போது அதன் நீளங் கூடுமாதலால் அந்த ஆட்டம் வேண்டற்பாலது. பின்னச்சு வில்லின் நடுவே அமர்ந்து, யூ-பொல்ட்டுகளாற் கட்டப்பட்டிருக்கும். சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது வில் வளைந்து அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுகிறது.

ஆனால், வாங்கியதை வில் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கொடுத்த கடனை வட்டியின்றி அப்படியே திருப்பிக் கொடுப்பவன் போல, வளைந்த வில் நிமிர்ந்து அதே சக்தியைத் திருப்பி வீசுகிறது. வண்டி மேலெழும், மீண்டும் அமிழும், மீண்டும் எழும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது தானே ஓயும்வரை ஆடுவது போன்றதே இதுவும். அந்த ஆட்டத்தைத் தின்று தீர்க்க மற்றொரு பொருள் வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரைத் தமிழாக்கினோர் 'அதிர்ச்சிதாங்கி' என்றனர். மூலப்பெயரே பிழையான பெயர். மொழிபெயர்ப்பு அப்பிழையை விசுவாசமாகக் காப்பாற்றியிருக்கிறது. அதிர்ச்சியைத் தாங்குவது வில்; ஆட்டத்தைத் தணிப்பதே இக்கருவியின் தொழில். தணிப்பான் என்பதே தக்க பெயராகும். கராச்சுகளில் வழங்கும் 'சொக்' என்ற சொல்லிலே பொருள் இல்லாவிடினும் குறுக்கமாவது உண்டு.

மைனரின் தணிப்பான், இக்காலத்து வண்டிகளிற் காணும் நீண்ட குழாய் வடிவினது அன்று. ஆம்ஸ்ட்ரோங் என்னும் பெயர் பொறித்த, கைப்பிடியளவான உலோகக் கூடொன்று, இரண்டு பொல்ட்டுகளால் வண்டியின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டு, இணைப்புக் கோலொன்றின் வழியாக அச்சுக்குக் கீழுள்ள தட்டோடு பிணைந்திருக்கும். அச்சு ஏறியிறங்கும்போதெல்லாம் அந்தக் கை மேலுங் கீழும் ஆடும். கூட்டினுள்ளே முசலங்கள் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சிறிய வால்வுத் துளைகளின் வழியே நெருக்குண்டு அப்பாற் செல்லும். அந்நெருக்கத்திலே அசைவின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகிறது. கரடான தெருவில் நெடுந்தூரம் ஓடிய வண்டியை நிறுத்தியவுடன் இரு தணிப்பான்களையும் தொட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்ததே வேலை செய்யாதது. தபாலதிபரின் வண்டியில் இரண்டுமே குளிர்ந்திருந்தன.

குளிர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. கை செருகப்பட்ட தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு ஆண்டுகள் பலவாகித் தேய்ந்து, எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து, அதன்மேல் தெருப்புழுதி ஒட்டிக் களியாகிக் கிடந்தது. உள்ளே எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றே பெரும்பாலும் இருந்தது. காற்றை நெருக்கி எந்த ஆட்டத்தையும் தணிக்க முடியாது.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்பது நன்று. நம் நாட்டுச் சரளைத் தெருக்களில், வண்டிகள் ஓடி ஓடி, சலவைப் பலகை போன்ற குறுக்கு வரிகள் விழுவதை யாவருங் கண்டிருப்பர். வரிக்கு வரி இரண்டரை அடி என்று கொள்ளுவோம். மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 29 அடி செல்லும். ஆகவே ஒரு விநாடியில் ஏறக்குறையப் பன்னிரண்டு தட்டுகள் சில்லின்மேல் விழுகின்றன. பாரமான பின்னச்சு, கீழே ரயரும் மேலே வில்லுமாக இரு சுருள்களுக்கிடையே அகப்பட்ட பொருளாதலால், அதற்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதுவும் விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டை ஒட்டியதே. தெருவின் தட்டும் அச்சின் ஆட்டமும் ஒத்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான கணத்தில் மீண்டும் மீண்டும் தள்ளுவது போலாகி, சில்லுகள் நிலத்திற் பாதி நேரமும் ஆகாயத்திற் பாதி நேரமுமாகத் துள்ளத் தொடங்கும். வண்டிக்குள் இருப்போர் இதனைத் தெருவின் குற்றம் என்றே நினைப்பர்.

நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிறேக் இல்லை. பக்கவாட்டுப் பிடிப்பும் இல்லை. வல்லைவெளியில் நிகழ்ந்தது அதுவே. பிறேக்கை மிதித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய, பின்சில்லுகள் இயல்பாகவே இலேசாயின. தணிப்பார் இன்மையால் அவை துள்ளின. துள்ளிய கணத்திற் பிறேக் அவற்றை உருளாதபடி இறுகப் பற்றியது. உருளாத சில்லு மீண்டும் நிலத்தைத் தொட்டபோது அது சில்லன்று. வழுக்கும் ஒரு றப்பர்க் கட்டி. எந்தத் திசையிலும் அது சறுக்கத் தடையில்லை. பிறேக்கு நல்ல நிலையிலிருந்தும் வண்டி குறுக்கே திரும்பியது இதனாலேதான்.

இனி, இளைஞர் சொன்ன மற்றப் பொருளாகிய றப்பர். அச்சுக்கும் வில்லுக்கும் இடையிலும், வில்லுக்கும் அதன் கீழ்த்தட்டுக்கும் இடையிலும் மைனரில் றப்பர் மெத்தைகள் வைக்கப்பட்டுள்ளன. பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு. உருக்கோடு உருக்கை நேரே இறுக்கினால் சில்லின் ஒவ்வோர் ஓசையும், பின்னச்சின் பற்சில்லுகளின் முனகலும், தடையின்றி வண்டியின் உடலுக்குச் சென்று தகரப் பேழையில் ஒலிப்பது போல ஒலிக்கும். றப்பர் அவ்வொலியின் வழியை மறிக்கிறது. அன்றியும் வில் வளையும்போது அச்சோடு உரசித் தேயாதபடி சிறிது இடங்கொடுத்துக் காக்கிறது.

றப்பரைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுக்கு அதனோடுள்ள உறவையும் சொல்லாமற் செல்வது முறையன்று. 1876ஆம் ஆண்டில் பிறேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பார் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டன. அந்நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பெற்று, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களுக்கு வித்து அதுவே. ஆயினும் மரத்திலிருந்து வடித்த பால் வெறுமனே உறைந்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகங் கலந்து சூடேற்றினால் என்றும் மாறாத நெகிழ்ச்சி பெறும் என்பதை அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர் 1839இற் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்பு இல்லையேல் ரயரும் இல்லை. இந்த மெத்தையும் இல்லை.

றப்பருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. பஞ்சைப் போல அது தன் பருமனிற் குறைந்து அமுங்குவதில்லை. மேலிருந்து அழுத்தினால் அதே அளவு பக்கங்களிற் பிதுங்கும். பிதுங்க இடமிருந்தால் மட்டுமே அது மெத்தையாகப் பயன்படும். இந்தக் குணத்தை அறியாமையால் நம் பகுதிகளில் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. மெத்தை கிடையாத காலத்திற் பழைய ரயரை வெட்டி அவ்விடத்தில் வைத்தனர். ரயரினுள்ளே நூலிழைப் படைகள் உண்டு. அவை றப்பரைப் பக்கங்களில் பிதுங்க விடா. ஆதலின் ரயர்த் துண்டு மெத்தையாக அன்றி மரக்கட்டையாகவே நின்றுவிடும். அதிலும் ஒரு பக்கத் துண்டு தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்ததாகவும் அமைந்தால் அச்சே சிறிது முறுகிச் சாயும். அக்காலத்தில் அப்படிச் செய்தவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. 1960களின் தொடக்கத்தில் மோட்டார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த நாள் முதலாக, உள்ள வண்டியைக் காப்பதே வழியென்றாயிற்று. 1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாதபோது, சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளில் மைனரும் ஒஸ்ரினும் முன்னின்றன. அந்நாளில் ரயர்த் துண்டு கிடைத்ததே பெரிது. அதே தசாப்தத்தில் தென்னிலங்கையில் மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையும் இயங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

தபாலதிபரின் வண்டியில் இருந்தது ரயர்த் துண்டுமன்று, அதன் மிச்சம். பின்னச்சின் முனையிலுள்ள எண்ணெயடைப்புப் பழுதாகி, கசிந்த எண்ணெய் வழிந்து றப்பரில் ஊறியிருந்தது. எண்ணெய் இயற்கை றப்பருக்கு நஞ்சு. ஊறிய றப்பர் முதலில் வீங்கும்; பின் களியாகும்; பின் கரைந்து உதிரும். உதிர்ந்தபோது அவ்விடம் வெறுமையாக, யூ-பொல்ட்டுகளின் இறுக்கம் போய்விட்டது. இறுக்கம் போன அச்சு வில்லின்மேல் அசையத் தொடங்கியது. அச்சினை உரிய இடத்தில் நிறுத்துவது தகடுகளைத் துளைத்துச் செல்லும் நடுப்பொல்ட்டின் தலை. அது அச்சின் இருக்கையிலுள்ள குழியிற் பதிந்திருக்கும். அசையும் அச்சு அத்தலையை ஆண்டுக்கணக்காக அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இளைஞர் ஒரு நூலை எடுத்து, ஒரு பக்கத்து முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை பிடித்து முடிச்சிட்டார். அதே நூலை மறுபக்கத்திற் பிடித்தபோது முடிச்சு ஏறத்தாழக் கால் அங்குலம் ஒத்துவரவில்லை. இடப்பக்கத்து அச்சு பின்வாங்கியிருந்தது. வண்டி நேரே ஓடுவதாக ஓட்டுபவர் எண்ண, அது நண்டுபோற் சிறிது சரிந்தே ஓடியிருக்கிறது. காற்றடித்தபோது வண்டி தள்ளாடியதற்கும், ஒரு பக்கத்து ரயர் வேகமாகத் தேய்ந்ததற்கும் தபாலதிபருக்கு அன்றே விடை கிடைத்தது.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் மாலையில் யூ-பொல்ட்டு நட்டுகள் எட்டையும் கம்பித் தூரிகையால் துலக்கி, துருவிளக்கும் எண்ணெய் பூசி இரவு முழுதும் ஊற விட்டனர். ஊறாத நட்டை முறுக்கிப் பொல்ட்டை உடைத்தபின் வருந்துவோரே அதிகம். மறுநாள் முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியின் பின்பாகத்தை ஜக்கினால் உயர்த்தினர்.

ஒரு செய்தியை இவ்விடத்தில் அழுத்திக் கூற வேண்டும். உயர்த்திய வண்டியைச் சீமெந்துக் கல்லின்மேல் நிறுத்துவது நம் ஊர்களில் அன்றாடங் காணும் காட்சி. துளையுள்ள சீமெந்துக் கல் சுவரிற் பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரு முனையில் விழும் பாரத்துக்கு முன்னறிவிப்பின்றி நொறுங்கும். மைனரின் நிறை ஏறத்தாழ 750 கிலோகிராம். அதன் பின்பாதி ஒருவர் மார்பின்மேல் இறங்கினால் எழும்பப் பேச்சில்லை. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே செல்வதும் அவ்வாறே. முக்காலி போன்ற இரும்புத் தாங்கிகளே உரியவை. அவை இல்லாதவிடத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய அகன்ற மரக்கட்டைகள் தகும். எந்த இடத்தில் தாங்கி வைப்பது என்பதும் ஆராயத்தக்கது. மைனரின் வில் பிணைந்திருக்கும் அடிச்சட்டப் பகுதிகளும், ஜக் செருகும் இடங்களும் துருப்பிடிப்பதற்குப் பேர்போனவை. அதிலும் கடற்காற்றில் வாழும் வண்டிகளுக்கு அது தலைவிதி. திருகாணிச் செலுத்தியின் நுனியாற் குத்திப் பார்த்து, உறுதியான இடத்தில் மட்டுமே தாங்கி வைக்க வேண்டும். குத்திய நுனி உள்ளே போகுமாயின் தணிப்பானை மறந்துவிட்டு முதலில் ஒட்டுவேலைக்காரரிடம் செல்வதே வழி.

தபாலதிபரின் வண்டி அச்சோதனையில் தேறியது. சில்லுகளைக் கழற்றி, அச்சின் கீழே வேறொரு ஜக்கைக் கொடுத்து, அதன் பாரத்தைத் தாங்கச் செய்தார் இளைஞர். அச்சு தன் பாரத்தில் தானே தொங்குமாயின், உடலிலிருந்து அச்சுக்குச் செல்லும் வளையும் பிறேக்குக் குழாய் இழுபட்டுக் கிழியலாம். கைப்பிறேக்குக் கம்பிகளுக்கும் அதே ஆபத்து. பின்பு இணைப்புக் கோலைக் கீழ்த்தட்டிலிருந்து விடுவித்து, தணிப்பானின் இரு பொல்ட்டுகளையும் நீக்கிக் கூட்டை வெளியே எடுத்தார். மேசைப் பிடியில் அதனை இறுக்கிக் கையை முழு வீச்சில் ஆட்டிப் பார்த்தபோது, கதவுக் கொண்டி போல அது தடையின்றி ஆடியது. நல்ல தணிப்பானாயின் வீச்சு முழுதும் ஒரே சீராக, தேன்சாடியிற் கரண்டியைச் சுழற்றுவது போன்ற தடை தெரிய வேண்டும். ஓரிடத்தில் தடையும் ஓரிடத்தில் வெறுமையுமாக இருந்தால் எண்ணெய் குறைவு. எண்ணெய் நிரப்பிய பின்னும் அவ்வாறே இருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

எண்ணெய் நிரப்பி மீண்டும் பூட்டிவிடலாமே என்று தபாலதிபர் கேட்டார். அடைப்பே போய்விட்ட கூட்டில் ஊற்றுவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும். கசிவு சிறிதாயின் சில மாதம் ஓடும். இதற்கோ அந்த நிலை கடந்துவிட்டது. கொழும்பிலிருந்து புதுப்பிக்கப்பட்ட கூடுகள் இரண்டு வந்தன. ஒன்று மட்டும் பழுதாயினும் இரண்டையும் மாற்றுவதே முறை. ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் வண்டி நொண்டியைப் போல நடக்கும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். பிறேக்குத் திரவத்தைத் தணிப்பானில் ஊற்றுவது பெருந்தவறு. அது வேறு இனத் திரவம், அடைப்புகளைக் கெடுத்துவிடும். தடித்த இயந்திர எண்ணெயை ஊற்றினால் வண்டி இறுகிவிடும் என்று நம்புவோரும் உளர். இறுகத்தான் செய்யும், அளவுக்கு மிஞ்சிய அவ்விறுக்கம் இணைப்புக் கோலையும் அதன் றப்பர் புஷ்களையும் வேலை வாங்கி முறிக்கும். உரிய தணிப்பான் எண்ணெய் கிடையாதவிடத்து, மோட்டார்ச் சைக்கிளின் முன் கவைக்கு இடும் மெல்லிய எண்ணெயைப் பலர் பயன்படுத்துகின்றனர், அது பழுதில்லை.

குழாய் வடிவத் தணிப்பான்களை மைனருக்குப் பொருத்தும் தொகுதிகளும் விற்பனையில் உண்டு. அவை எளிதிற் கிடைப்பவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அந்த வண்டியின் உடல் எந்த இடத்தில் விசையைத் தாங்குமாறு ஆக்கப்பட்டதோ அந்த இடத்தை விட்டு, புதிய தாங்குகட்டையை வேறு தகட்டில் பூட்டும் தொகுதிகள் சிலவற்றைக் காண்கிறோம். துருவேறிய பழந்தகடு நாளடைவில் அங்கே கிழியும். அதிலும், இந்த வண்டியை வகுத்த அலெக் இசிகோனிஸ் அற்ப ஆசாமியல்லர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சிக்கு வண்டி வருமுன்னர், மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தி ஒட்டச் செய்தவர் அவர். அதனால் தெருவில் வண்டியின் உறுதியும் கூடியது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பெற்று, 1971இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி முடிவுற்றது. அத்தனை வண்டிகளுக்கும் போதுமாயிருந்த கருவி, நல்ல நிலையிலிருந்தால், இன்றும் போதும்.

மெத்தை மாற்றும் வேலையை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் என்றே செய்ய வேண்டும். இரு பக்கமும் ஒருங்கே அவிழ்த்தால் அச்சு தன் இடத்தைவிட்டு உருண்டுவிடும். மீண்டும் அதனை நேர்ப்படுத்த நால்வர் வேண்டும். வலப்பக்கத்தில் நட்டுகள் நான்கையும் நீக்கி, கீழ்த்தட்டை இறக்கி, அச்சை ஜக்கினால் ஒரு விரற்கடை உயர்த்தியபோது பழைய றப்பரின் எச்சம் தார்போலக் கிடந்தது. அதனைச் சுரண்டி, துருவை நீக்கி, வண்ணம் பூசி உலரவிட்டு, புதிய மெத்தையை வைத்தனர். இடப்பக்கத்திலோ நடுப்பொல்ட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. வில்லின் தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருப்பவை. நடுப்பொல்ட்டைக் கழற்றியவுடன் அவை விரிந்து பாயும். ஆகவே பொல்ட்டின் இருபுறமும் வலிய பிடிக்கருவிகளால் தகடுகளை நெருக்கிக் கட்டியபின்பே பழையதை வெளியே எடுத்தார் இளைஞர். தபாலதிபரை அவ்வேளையில் அப்பால் நிற்கச் சொன்னார். யூ-பொல்ட்டுகளையும் புதியனவாகவே போட்டனர்; நெடுங்காலம் இழுபட்ட பொல்ட்டின் புரிகள் நீண்டு உருக்குலைந்திருக்கும். எண்ணெய் கசிந்த சில்லின் அடைப்பையும் மாற்றினர். அதனை விட்டுவிட்டால் புதிய மெத்தையும் பழையதன் கதியையே அடையும்.

இளைஞரும் ஓரிடத்தில் வழுக்கினார். புதிய தணிப்பானை வலப்பக்கத்திற் பூட்டும்போது, வழியிற் படுக்கையாகக் கிடந்து வந்த அதன் கூட்டினுள்ளே காற்றுப் புகுந்திருக்கும் என்பதை மறந்து அப்படியே இணைத்துவிட்டார். வண்டியின் பின்மூலையை அழுத்தி விட்டுப் பார்த்தபோது இடப்பக்கம் ஒருமுறை எழுந்து அமைதியாக நின்றது. வலப்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடியது. மீண்டும் கழற்றி, கூட்டை நிமிர்த்திப் பிடித்து, கையை முழு வீச்சில் பலமுறை மேலுங் கீழும் ஆட்ட, நிரப்புந் துளையில் குமிழிகள் எழுந்தன. எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்து, துளையின் சுற்றுப்புறத்தைத் துடைத்து மூடினார். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வால்வில் அகப்பட்டு வேலையைக் கெடுத்துவிடும். "அவசரப்பட்டுப் போட்டன், ஐயா," என்றார். "பரவாயில்லைத் தம்பி, தந்தியிலையும் ஒரு புள்ளி தவறினால் திருப்பித்தான் அடிப்பம்," என்று தபாலதிபர் கூறினார்.

வில்லைப் பொறுத்தமட்டில் அழுத்திப் பார்க்கும் இச்சோதனையை முற்றாக நம்புதலும் கூடாது. துருவேறிய தகடுகள் தம்முள் உராய்ந்து தாமே ஆட்டத்தைக் குறைப்பதால், செத்த தணிப்பானும் உயிருள்ளது போலத் தோன்றும். தபாலதிபரின் வண்டி பல மாதமாகப் பலரையும் ஏமாற்றியது அதனாலேயே.

புஷ்களுக்குரிய நட்டுகளை இறுதியாக இறுக்கியது, வண்டி சில்லுகளின்மேல் தன் பாரத்தோடு நின்ற பின்னரே. தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் புஷ் அந்நிலையிலேயே பற்றிக்கொண்டு, வண்டி இறங்கியவுடன் முறுக்குண்டு, சில மாதத்திற் கிழியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வல்லைவெளியிலே காற்றுச் சற்றும் குறையவில்லை. அம்மையார் அன்று கதவுப் பிடியைப் பற்றாமலே வந்தார். திரும்பி வந்து நின்றவுடன் தபாலதிபர் குனிந்து தணிப்பான் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் இளஞ்சூடாக இருந்தன.

புதிய மெத்தை பாரத்தின் கீழே சிறிது அமர்ந்து இறங்குமாதலால், ஏறத்தாழ 300 மைல் ஓடியபின் யூ-பொல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும் என்று இளைஞர் சொல்லியிருந்தார். போக்குவரத்துக்கு 42 மைலாக ஏழாவது செவ்வாயோடு அக்கணக்கு நிறைவேறியது. மறுநாட் காலையிற் சாவி கொடுத்துப் பார்த்தபோது நட்டுகள் எட்டும் ஏறக்குறைய அரைச் சுற்று வீதம் இறங்கின. மூன்று மாதங் கழித்துப் பார்த்தபோது அவை அசையவில்லை.